வேலையை விடுவதற்கு முன்

அன்புள்ள ஐயா,

கப்பல் நிறுவனமொன்றில் பதினாறு ஆண்டுகளாகக் கொள்கலன்களின் போக்குவரத்தைத் திட்டமிடும் பணியில் இருக்கிறேன். தங்களுடைய நாகப்பட்டினச் சுனாமி நிவாரணக் கட்டுரைகளைப் படித்தபின் என் வேலை வெறும் எண்களாகத் தோன்றுகிறது. அதைத் துறந்து, பேரிடர் நிவாரணத்தில் முழுநேரத் தொண்டூழியராகிவிட எண்ணுகிறேன். வீட்டுக் கடன் இன்னும் எட்டு ஆண்டு இருக்கிறது. மகள் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். என் முடிவு சரியா?

க., ஈசூன்

அன்புள்ள க.,

2005 ஜனவரியில் நாகப்பட்டினத்துக்குப் போனபோது, இடிபாடுகளுக்கிடையே ஏதோ பெரிதாகச் செய்யப்போவதாகத்தான் நானும் எண்ணியிருந்தேன். கிடைத்த வேலையோ, லாரி லாரியாக வந்து சாலையோரம் கொட்டப்பட்டிருந்த பழந்துணிகளைத் தரம் பிரிப்பது. உழைத்துச் சாப்பிட்ட மீனவர்கள் பிறர் உடுத்திக் கழித்ததைத் தொட மறுத்தார்கள். அதனால் அவர்கள்மேல் எனக்கு மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. யாருக்கு என்ன தேவை என்று கேட்டெழுதி, எது எங்கே எப்போது வந்து சேர வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஒருவர்கூட எங்கள் குழுவில் இல்லை.

ஆகவே, 'வெறும் எண்கள்' என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்ஃபியர் நெறிமுறைகள், ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்கின்றன. 5,000 பேர் தங்கும் முகாமுக்கு அது 75,000 லிட்டர்; 10,000 லிட்டர் லாரி எட்டு நடை வர வேண்டும், அதுவும் பாலம் உடைந்த பாதையில், டீசலுக்குத் தட்டுப்பாடான நாளில். அதே சுனாமியில் சாலைகள் அழிந்து துண்டிக்கப்பட்ட இந்தோனேசிய நகரமான மெலாபோவுக்கு, சிங்கப்பூர் ஆயுதப்படை கடல்வழியாகவே கனரக வாகனங்களைக் கொண்டுபோய் இறக்கியது. இவையெல்லாம் உங்கள் மேசையில் அன்றாடம் புழங்கும் கணக்குகள்தாமே?

ஆனால் இப்போது வேலையை விட வேண்டாம். சம்பளம் நின்றால் மத்திய சேமநிதியில் சேரும் தொகையும் நின்றுவிடும். வீட்டுத் தவணை அதிலிருந்து கழிகிறதென்றால், மகள் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதும் ஆண்டில் அந்த நெருக்கடி வீட்டுக்குள் நுழையும். முதலில் சிங்கப்பூர் செஞ்சிலுவைச் சங்கத்தையோ மெர்சி ரிலீஃப் அமைப்பையோ அணுகி, உங்களுக்குத் தெரிந்த தொழிலைச் சொல்லுங்கள். சம்பளமில்லா விடுப்புக் கிடைத்தால் அதைப் பேரிடரின் முதல் வாரத்தில் செலவழிக்காதீர்கள். அப்போது ஆட்கள் தாமாகவே குவிவார்கள். கூடாரங்கள் ஒழுகத் தொடங்கி, வந்தவர்கள் ஊர் திரும்பிய ஐந்தாம் மாதத்தில் போய்ப் பாருங்கள்.

மகளைக் குறிப்பிட்ட கடிதத்தில் அவளுடைய தாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவரிடம் பேசிவிட்டு மறுபடி எழுதுங்கள்.