வலெட்டாவில் மூன்று நாள்: தம்பதியர் கேள்விகளுக்குப் பதில்

சிசிலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலின் நடுவில் உள்ள மால்டா நாட்டின் தலைநகர் வலெட்டா. அங்கே குறுகிய விடுமுறைக்குச் செல்லவிருக்கும் தம்பதியர் சிலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பலரும் இரண்டு அல்லது மூன்று இரவுகளே தங்குவதால், எதைப் பார்ப்பது என்பதோடு எதை விட்டுவிடுவது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: திருமண நாளுக்காக மூன்று இரவுகள் ஒதுக்கியிருக்கிறோம். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமே உள்ள ஊரில் மூன்று நாள் என்ன செய்வது என்று வீட்டில் கேட்கிறார்கள். ஒரு நாள் சிசிலிக்குப் போய்வரலாமா?

பதில்: வேண்டாம். ஊர் சிறியதுதான், ஆனால் அதன் 55 ஹெக்டேர் பரப்புக்குள் 320 நினைவுச் சின்னங்கள் இருப்பதாக, 1980-இல் அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த யுனெஸ்கோ குறிப்பிடுகிறது. நான் சொல்லும் முறை பலருக்குத் தலைகீழாகத் தோன்றும்: முதல் நாள் காலையில் வலெட்டாவைச் சுற்றிப் பார்க்காதீர்கள், படகேறித் துறைமுகத்தின் எதிர்க்கரையில் உள்ள பிர்கு, செங்லியா ஆகிய பழைய ஊர்களுக்குப் போய்விடுங்கள்.

காரணம் இருக்கிறது. 1565-இல் துருக்கியரின் ஒட்டோமான் பேரரசுப் படை மால்டாவை முற்றுகையிட்டபோது வலெட்டா என்ற நகரமே இல்லை. அப்போது மால்டாவை ஆண்ட கிறித்தவப் போர்வீரர் அமைப்பான புனித யோவான் சபையின் வீரர்கள் பிர்குவிலும் செங்லியாவிலும் இருந்தே போரிட்டார்கள். எதிரே இருந்த ஷிபெராஸ் குன்றின் முனையில் புனித எல்மோ கோட்டை மட்டுமே நின்றது. அந்தக் கோட்டை வீழ்ந்ததும், குன்றின்மேல் பீரங்கிகளை நிறுத்திய பகைவர்களால் எதிர்க்கரையை எளிதாகத் தாக்க முடிந்தது. முற்றுகை முறியடிக்கப்பட்ட பிறகு, அந்தக் குன்று இனி எந்தப் பகைவர் கைக்கும் போகக்கூடாது என்று முடிவு செய்த சபைத் தலைவர் லா வலெட், 1566 மார்ச் 28 அன்று அதன்மேல் புதிய நகருக்கு அடிக்கல் நாட்டினார்; நகரம் முடியுமுன் 1568-இல் அவர் காலமானாலும், அவருடைய பெயர் அதற்கு நிலைத்தது. செங்லியாவின் முனையில், கல்லில் கண்ணும் காதும் செதுக்கிய கார்ஜோலா என்னும் காவல் மாடம் இருக்கிறது. அங்கே இருவரும் அரை மணி நேரம் நின்று எதிரே எழும் மதில்களைப் பாருங்கள். அதற்குப் பிறகு வலெட்டாவின் ஒவ்வொரு தெருவும் உங்களுக்குப் புரியத் தொடங்கும்.

இரண்டாம் நாளை முழுவதும் நகருக்குள் செலவிடுங்கள். மூன்றாம் நாள் முற்பகலில், பழைய தலைநகரான இம்டினாவுக்குப் பேருந்தில் சென்று திரும்பினால், மாலையில் அப்பர் பராக்கா பூங்காவில் உட்கார நேரம் இருக்கும். பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் அதன் கீழ்த்தளத்தில் பீரங்கி முழங்கும். எனினும் வெயில் சாயும்போது எதிர்க்கரைக் கோட்டைகளின் மஞ்சள் சுண்ணாம்புக்கல் நிறம் மாறுவதைப் பார்ப்பதே எனக்குப் பிடித்தது.

கேள்வி: என் கணவருக்கு முழங்கால் வலி உண்டு. வலெட்டா முழுவதும் படிக்கட்டுகள் என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. நகரத்தின் முதுகெலும்பாக ஓடும் ரிபப்ளிக் தெருவும் அதற்கு இணையான மெர்ச்சன்ட்ஸ் தெருவும் பெரும்பாலும் நடக்க எளியவை. அவற்றிலிருந்து இருபுறமும் கடலை நோக்கி இறங்கும் குறுக்குத் தெருக்களே செங்குத்தானவை. படகுத்துறைக்குச் செல்ல, பூங்காவிலிருந்து 58 மீட்டர் இறங்கும் பராக்கா மின்தூக்கி இருக்கிறது; ஆகவே எதிர்க்கரைப் பயணத்தையும் அவர் தவிர்க்கத் தேவையில்லை. தேய்ந்த கற்கள் மழையில் வழுக்கும் என்பதால் நல்ல பிடிப்புள்ள காலணி அவசியம். தங்குமிடத்தைப் பதிவு செய்யுமுன், அங்கே மின்தூக்கி உண்டா என்று எழுதிக் கேளுங்கள்; பழைய வீடுகளை மாற்றியமைத்த விடுதிகள் பலவற்றில் குறுகிய சுழற்படிகளே இருக்கும்.

கேள்வி: எனக்கு ஓவியத்தில் ஆர்வம்; மனைவிக்கு இல்லை. புனித யோவான் இணைப் பேராலயத்துக்கு இருவரும் கட்டணம் கொடுத்துப் போவது வீணாகுமா?

பதில்: ஆகாது. வெளியிலிருந்து கோட்டைச் சுவர்போல் தோன்றும் அந்தக் கட்டடத்துக்குள், 1660-களில் மத்தியா பிரெத்தி வரைந்த கூரையும் பொன் பூசிய சுவர்களும், தரை முழுவதும் பலவண்ணப் பளிங்கில் பதித்த சபை வீரர்களின் கல்லறைப் பலகைகளும் ஓவிய ஆர்வம் இல்லாதவரையும் நிறுத்திவிடும். கூர்மையான குதிகால் கொண்ட காலணிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்களுக்கானது பக்கவாட்டு அறையில் இருக்கிறது. ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பியோடிய இத்தாலிய ஓவியர் கரவாஜியோ, மால்டாவில் அடைக்கலம் பெற்று, 1608-இல் திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படும் காட்சியை இந்த அறைக்கென்றே வரைந்தார். அவர் கையொப்பமிட்டதாக அறியப்படும் ஒரே ஓவியம் இதுதான். யோவானின் கழுத்திலிருந்து வழியும் இரத்தத்திலேயே அந்தக் கையொப்பம் எழுதப்பட்டிருக்கிறது. அதே ஆண்டில் சபை வீரராக ஏற்கப்பட்ட அவர், சில மாதங்களுக்குள் ஒரு சண்டையில் சிக்கிச் சிறைப்பட்டு, தப்பியோடி, டிசம்பரில் சபையிலிருந்து நீக்கப்பட்டார். இந்தக் கதையை ஓவியத்தின் முன் நின்று மனைவிக்கு மெல்லிய குரலில் சொல்லுங்கள்.

கேள்வி: ஹல் சஃப்லியேனி நிலத்தடிக் கல்லறைக்கு நுழைவுச்சீட்டே கிடைக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பேரை மட்டுமே உள்ளே விடுவதால், பல வாரங்களுக்கு, சில பருவங்களில் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். இப்போதைக்கு, அங்கே கிடைத்த 'உறங்கும் பெண்' என்னும் சிறு சுடுமண் சிலையை வலெட்டாவின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிலையின் அமைதி பெரிய சிற்பங்களிலும் அரிது.

கேள்வி: நாங்கள் சைவ உணவுக்காரர்கள். பட்டினி கிடக்க நேருமா?

பதில்: நேராது, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். முயல் இறைச்சியும் மீனும் பெயர்பெற்ற நாடு என்றாலும், உழவர்களின் பழைய உணவு காய்கறியும் பருப்பும்தான். பூண்டு சேர்த்து மசித்த அவரைவிதைத் துவையலான பிகில்லாவை ரொட்டியுடன் தருவார்கள். கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய் சேர்ந்த கபுனாட்டா நம் நாவுக்கு எளிதில் பிடிக்கும். பட்டாணியோ ரிக்கோட்டா பாலாடையோ அடைத்த பஸ்திட்சி தெருக்கடைகளில் சூடாகக் கிடைக்கும். அதன் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு என்பதால் கடைக்காரரிடம் கேளுங்கள். ஹோப்ஸ் பிஸ்-ஸெய்த் என்னும் தக்காளி ரொட்டியில் வழக்கமாகச் சூரை மீன் வைப்பார்கள். வேண்டாம் என்றால் மீன் இல்லாமல் தருவார்கள். ஆங்கிலமும் ஆட்சிமொழி என்பதால் இவற்றைக் கேட்பதில் தடுமாற்றம் இருக்காது.

கேள்வி: எந்த மாதம் நல்லது? கார் எடுக்கலாமா?

பதில்: ஏப்ரல், மே, அக்டோபர். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் அந்தக் கல்தெருக்களில் நடப்பது துன்பம். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள் என்றாலும், வலெட்டாவில் வண்டி நிறுத்த இடம் தேடியே நேரம் போய்விடும், கார் வேண்டாம். மின்சாரப் பிளக் பிரிட்டனில் உள்ளது போன்ற செவ்வக முனைகள் கொண்டது, அடாப்டர் எடுத்துச் செல்லுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை.

கேள்வி: கோசோ தீவை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா?

பதில்: முடியும், வலெட்டாவிலிருந்து விரைவுப் படகில் ஏறத்தாழ முக்கால் மணி நேரம்தான். ஆனால் மூன்று இரவுகளுக்கு வந்தவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. நான்காவது இரவு கிடைத்தால், இம்டினாவுக்குச் செல்லும் நாளுக்கு முந்தைய நாள் கோசோவுக்குப் போய்வாருங்கள். காற்று வலுத்தால் விரைவுப் படகுகள் ஓடாமல் போகலாம் என்பதால், ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய நாளில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.