வாசகர் கேள்வி: நத்தாருக்கு அன்னாசி ஜிஞ்சர் பியர்

"அக்கா, லண்டனில் இருக்கிற என் அண்ணா ஒவ்வொரு நத்தாருக்கும் வீட்டிலேயே பழம் போட்டு ஏல் பியர் காய்ச்சுவார். இந்த முறை வரும்போது ஈஸ்ட்டும் பியருக்குக் கசப்புத் தருகிற ஹொப்ஸ் பூவும் கொண்டுவருகிறேன், அன்னாசி போட்டு இங்கேயே செய்வோம் என்கிறார். செய்யலாமா?"
— கொட்டாஞ்சேனை வாசகி

தங்கச்சி, வேண்டாம் என்று அண்ணாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தில் சொந்தப் பாவனைக்கு வீட்டில் பியர் காய்ச்ச 1963இலிருந்து அனுமதிப்பத்திரம் தேவையில்லை, அதனால் அவருக்கு அது சாதாரண விஷயம். நமக்கு இருப்பது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். விற்கவில்லை, வீட்டாட்கள்தான் குடித்தோம் என்று சொல்லித் தப்ப முடியாது.

கொழும்புச் சூடும் அதற்கு ஒத்துவராது. ஏல் ஈஸ்ட்டுக்குப் பிடித்தது 18 முதல் 22 பாகை வரைதான். நம் வீடுகளில் டிசம்பரிலும் பகலில் 30ஐத் தொடும், புளிக்கும்போது பானைக்குள்ளும் தனியாக ஒரு சூடு கிளம்பும், அந்தச் சூட்டில் ஈஸ்ட் அவசரப்பட்டு வேலை செய்து நகப்பூச்சு மாதிரி ஒரு வாடையை விட்டுவிடும். இரண்டு வாரம் காத்திருந்து அதைக் குடிக்க யாருக்கும் மனம் வராது.

ஆனால் அண்ணாவிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏலுக்குப் பழம் போடுகிறவர்கள் பலர் முதல் நாளே போடமாட்டார்கள், முதல் நுரைப்பு அடங்கிய பிறகுதான் போடுவார்கள். முன்பே போட்டால் கிளம்பி வருகிற வாயு பழ வாசனையையும் அள்ளிக்கொண்டு போய்விடும். இதையே நம் வீட்டு ஜிஞ்சர் பியருக்குச் செய்து பாருங்கள்.

ஐந்து லீற்றர் தண்ணீருக்குக் கால் கிலோ இஞ்சி. உள்ளூர் இஞ்சியாகப் பாருங்கள், சின்னதாக, நாராக, தோல் சீவவே கஷ்டமாக இருக்கும், ஆனால் உறைப்பு அதில்தான் இருக்கிறது; பெரிய சீன இஞ்சியில் தண்ணீர்தான் அதிகம். இஞ்சியை இடித்து, நன்றாகக் கழுவிய ஓர் அன்னாசியின் தோல், ஒரு துண்டு கறுவா, நாலைந்து கராம்பு, அரைக் கிலோ சீனி எல்லாவற்றையும் அந்தத் தண்ணீரில் போட்டு இருபது நிமிடம் கொதிக்க விடுங்கள். அன்னாசித் தோலை எறியாதீர்கள், மணத்தில் பாதி அதில் இருக்கிறது. பிறகு பானை கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆற வேண்டும், இதில் அவசரம் கூடாது, சூடாக இருக்கும்போது போட்டால் ஈஸ்ட் செத்துவிடும். வடித்து, பாண் போடுகிற உலர் ஈஸ்ட் கால் தேக்கரண்டி தூவி, வெள்ளைத் துணியால் கட்டி இரவு முழுக்க வையுங்கள். காலையில் மேலே மெல்லிய நுரை நிற்கும், காதை வைத்தால் சிறு சத்தம் கேட்கும். அப்போதுதான் அன்னாசிச் சதையை அரைத்து வடித்த சாறும் ஆறு தேசிக்காயின் புளியும் சேரவேண்டும். அப்புறம் போத்தல்.

"போன வருஷம் ஜிஞ்சர் பியர் போத்தல் ஒன்று வெடித்துவிட்டது. ஈஸ்ட் கூடிப்போனதா?"
— வெள்ளவத்தை வாசகர்

ஈஸ்ட் கூடினால் வேலை வேகமாக நடக்கும், அவ்வளவுதான். வெடிப்பது சீனியும் நேரமும் சேர்ந்துதான். மூடிய போத்தலுக்குள் சீனி இருக்கும்வரை ஈஸ்ட் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், போக வழியில்லாமல் அது நெருக்கும். எனக்கும் இது நடந்திருக்கிறது. நத்தாருக்கு இரண்டு நாள் முன்பு, இரவு ஒரு மணிக்குக் குசினியில் பெரிய சத்தம், போய்ப் பார்த்தால் அலுமாரிக் கதவில் கண்ணாடித் துண்டு குத்தி நிற்கிறது. அந்த அலுமாரிக்குப் பக்கத்தில்தான் பகலெல்லாம் பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள். அன்றோடு கண்ணாடிப் போத்தலை விட்டேன், நீங்களும் விடுங்கள்.

சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல்களைக் கழுவி எடுங்கள், வாயில் நாலு விரல் அளவு இடம் விட்டு நிரப்புங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பிளம்ஸ் போடுங்கள், கடையில் அப்படிக் கேட்டால் தரும் உலர்ந்த திராட்சைதான். முதலில் அடியில் கிடக்கும், வாயு ஒட்ட ஒட்ட ஒவ்வொன்றாக மேலே ஏறும். அது வாயு பிடித்துவிட்டது என்பதற்கு அடையாளம், ஆனால் கடைசி முடிவைக் கைதான் சொல்லவேண்டும்: போத்தலை அமுக்கிப் பாருங்கள், அமுங்காமல் கல்லு மாதிரி இருந்தால் உடனே பிரிட்ஜில் வையுங்கள். கொழும்பில் இதற்கு ஒரு பகல் போதும், சில நாள் அதுவும் வேண்டாம், ஆகவே காலையில் மூடிவிட்டு வேலைக்குப் போய் இரவு வருவது சரியில்லை, வீட்டில் இருக்கிற நாளில் செய்யுங்கள். குளிரில் ஈஸ்ட் சாவதில்லை, மந்தமாகிறது, அவ்வளவுதான். மூன்று நான்கு நாளில் குடித்து முடியுங்கள், திறக்கும்போது மூடியை மெல்ல மெல்லத் திருப்புங்கள்.

"கீழ் மாடியில் ஒரு முஸ்லிம் குடும்பம். பெருநாளுக்கு வட்டிலப்பம் தராமல் இருக்கமாட்டார்கள். நாங்கள் செய்கிற ஜிஞ்சர் பியரை அவர்களுக்குக் கொடுக்கலாமா? அதில் மதுசாரம் இருக்கிறதா?"
— தெமட்டகொடை வாசகி

இருக்கிறது. ஈஸ்ட் சீனியைத் தின்றால் வாயுவும் மதுசாரமும் சேர்ந்தேதான் வரும், ஒன்றை விட்டு ஒன்று வராது. ஒரு நாளில் நிறுத்தினால் கொஞ்சம்தான், ஆனால் மேலே சொன்ன அளவுச் சீனி முழுவதும் புளித்துத் தீர்ந்தால் அது 5 வீதத்துக்கு மேல் போகும், கடைப் பியர் அளவு. அதனால்தான் வாயு பிடித்தவுடன் பிரிட்ஜுக்குப் போகவேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கொஞ்சம்தானே, அவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களை நம்பித்தான் வாங்கிக் குடிக்கிறார்கள். அவர்களுக்கு ஈஸ்ட்டே படாமல் செய்யலாம்: இஞ்சி, அன்னாசித் தோல், கறுவா, சீனி, அதே சாமான்களை ஒரு லீற்றர் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பாணியாக்கி, வடித்து, ஆறியதும் அன்னாசிச் சாறும் தேசிக்காயும் விட்டுப் போத்தலில் கொடுங்கள். ஒரு பங்கு பாணிக்கு மூன்று பங்கு குளிர்ந்த சோடா, அவர்களே கலந்துகொள்வார்கள். பிள்ளைகளுக்கும் இதையே கொடுங்கள். சாறு பச்சையாகச் சேர்வதால் இதையும் பிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடிக்கச் சொல்லுங்கள். கேக்கும் அனுப்புவதாக இருந்தால் பிராந்தியில் பழம் ஊறவைத்த கேக்கை அனுப்பாதீர்கள், தோடம்பழச் சாற்றில் ஊறவைத்து ஒரு சின்னத் தட்டு தனியாகச் சுடுங்கள். அப்புறம் ஈஸ்ட் போட்ட போத்தல்களின் மூடியில் இன்றைக்கே ஒரு சிவப்பு நூல் கட்டிவையுங்கள், பண்டிகை அவசரத்தில் கை மாறிப்போகும்.