இரவு ராணிக்கு இப்போதே அவசரமா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. கர்நாடக சங்கீதம் எட்டு வருடம் கற்றவள். மேற்கத்திய வாய்ப்பாட்டிலும் எட்டாம் கிரேடு முடித்துவிட்டாள். ஓப்பராவில் சொப்ரானோ (பெண்களின் உச்சக் குரல் பாடகி) ஆக ஆசை. ஆடிஷனுக்கு மொசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஓப்பராவில் வரும் இரவு ராணியின் கோபப் பாடலைப் பழகுகிறாள். வீட்டில் உச்சி சுரம் வந்துவிடுகிறது. பாடலாமா?
- ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்குத் தார ஸ்தாயி பஞ்சமமே பெரிய உயரம். அந்தப் பாடல் அதற்கும் மேலே 15 அரைச்சுரம் ஏறுகிறது. குளியலறையில் ஒரு தடவை எட்டுவது வேறு, பதற்றத்தில், மைக் இல்லாமல், பல தடவை எட்டுவது வேறு. எட்டாதபோது தொண்டையை இறுக்குவாள். அந்த இறுக்கம் பழகிவிட்டால் நடுக்குரலையும் கெடுக்கும்.

1791-ல் வியன்னாவில் அதை முதலில் பாடிய யோசெஃபா ஹோஃபர் முப்பதைத் தாண்டியவர். அதே மேடையில் ராணியின் மகள் பமீனாவாகப் பாடிய அன்னா கோட்லீப்புக்கு வயது 17. அந்த கோட்லீப்தான் 1786-ல், 12 வயதில், மொசார்ட்டின் ‘ஃபிகரோவின் திருமணம்’ ஓப்பராவில் பார்பரீனா என்ற சிறுமியாகப் பாடியவர். தொலைத்த ஊசியைத் தேடும் அந்தச் சின்னப் பாட்டு இரண்டு நிமிடம் வந்தால் அதிகம், முடியாமலே நின்றுவிடும். உங்கள் மகள் அதில் தொடங்கட்டும், பிறகு அதே ஓப்பராவின் சூசன்னா, ‘டான் ஜியோவானி’யின் செர்லீனா.

ஆடிஷனுக்கு வழக்கமாக ஐந்து பாடல் கேட்பார்கள்: இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் கலந்து, ஒன்றாவது மொசார்ட். முதல் பாடல் பெரும்பாலும் அவள் விருப்பம். அடுத்ததை நடுவர்கள் பட்டியலிலிருந்து எடுப்பார்கள். அதனால் தொண்டை கட்டிய நாளில் பாட முடியாத எதையும் பட்டியலில் போடக்கூடாது. பியானோ வாசிப்பவருக்குத் தரும் நகலை வளையக் கோப்பில், இரு பக்கமும் அச்சிட்டு, பாடாமல் விடும் இடங்களைப் பென்சிலால் குறித்துக் கொடுங்கள். உதிரித் தாள் நடுப்பாட்டில் பறந்தால் வாசிப்பவர் நிற்பார், அவளும் நிற்பாள்.

கேள்வி: மேல் சுரத்தில் ‘ஈ’ வந்தால் மகளின் குரல் கீச்சிடுகிறது. இத்தாலிய உச்சரிப்பும் சரியில்லை என்கிறார்கள்.
- ஒரு தந்தை, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: இரண்டும் சரிசெய்யக்கூடியவை. ‘ஈ’ சொல்லும்போது வாயறையின் முதல் ஒத்ததிர்வு (வாயறை தானாகப் பெருக்கிக் காட்டும் ஒலி) சுமார் 300 ஹெர்ட்ஸ். மேல் ஸ்தாயி A சுரமோ 880 ஹெர்ட்ஸ். சுரம் அந்த ஒத்ததிர்வைத் தாண்டிப்போவதால் ஒலி மெலிந்து கீச்சிடுகிறது. சிரித்த வாயோடு பாடாமல், மேலே போகப்போகத் தாடையை இறக்கச் சொல்லுங்கள். ‘ஈ’ கொஞ்சம் ‘ஏ’ போலக் கேட்கும். கேட்கட்டும், அப்படித்தான் பாடுவார்கள்.

உச்சரிப்பில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு லாபம் உண்டு. இத்தாலிய ‘த’ நம் பல் ‘த’வேதான், இரட்டை மெய்யும் ‘பத்து’ போலத்தான். சிக்கல் ஒற்றை மெய்யில். ‘அது’வில் ‘த’ மெலிவதுபோல அங்கே மெலியக்கூடாது. வல்லினமாக, ஆனால் நீளாமல் வரவேண்டும். உள்ளங்கையை உதட்டுக்கு முன் வைத்துச் சொல்லிப் பார்க்கட்டும். காற்று அடித்தால் ஆங்கிலப் பழக்கம் ஒட்டியிருக்கிறது.