செத்த பிறகு எதற்குப் பதக்கம்?

கேள்வி: கொழும்பில் பிறந்து, முதலாம் உலகப் போரில் இறந்து, அதன் பிறகு பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை பெற்ற பேசில் ஹோர்ஸ்ஃபால் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். போன உயிருக்கு ஒரு துண்டு வெண்கலமா? அதுவும் ஒரு வெள்ளைக்காரர் யாருடைய சண்டையிலோ செத்ததற்கு நாங்கள் ஏன் பெருமைப்பட வேண்டும்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: பெருமைப்படச் சொல்லவில்லை ஐயா, அவர் என்ன செய்தார் என்று பார்க்கச் சொன்னேன். உங்கள் கடிதத்தில் அவர் செத்தது மட்டும்தான் இருக்கிறது.

1918 மார்ச் 21இல் ஜெர்மன் படை பிரான்சில் பெருந்தாக்குதலைத் தொடங்கியது. 27ஆம் திகதி மொயன்வீல் பக்கம் நடந்த சண்டையில் ஹோர்ஸ்ஃபால் பிரித்தானியப் படையில் இரண்டாம் லெப்டினன்ட், வயது 30. அவர் தலைமை தாங்கிய பிளட்டூன் என்ற சிறு படையணியின் முன்வரிசைப் பிரிவுகள் மூன்றையும் எதிரி பின்னுக்குத் தள்ளிவிட்டான். அவருக்குத் தலையில் காயம். அந்தக் காயத்தோடு மிச்சமிருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய், விட்ட இடத்தைத் திரும்பப் பிடித்தார். மருந்து கட்டப் பின்னால் போக மறுத்துவிட்டார். வீம்பு இல்லை. அந்தப் பிளட்டூன் இருந்த கம்பனியின் மற்ற மூன்று அதிகாரிகளில் இருவர் ஏற்கெனவே செத்துவிட்டார்கள், ஒருவருக்குக் காயம். இவரும் போய்விட்டால் அந்தப் பொடியன்களுக்கு யார்?

பிறகு ஷெல்லடி. அது எப்படியிருக்கும் என்று இந்த நாட்டுத் தமிழ் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதற்கு ஒதுங்கிப் பின்வாங்கியவர், அடி ஓய்ந்ததும் மறுபடி ஏறிப் போய் அதே இடத்தைப் பிடித்தார். கடைசியில் பின்வாங்கச் சொல்லிக் கட்டளை வந்தபோது எல்லாரையும் முன்னே அனுப்பிவிட்டுக் கடைசி ஆளாக நகர்ந்தார். ஒரே களைப்பு. ஆனாலும், தேவைப்பட்டிருந்தால் இன்னும் பிடித்து வைத்திருக்கலாம் என்றாராம். போகும் வழியில்தான் உயிர் போனது.

சரி, இறந்தவருக்கு எதற்கு என்கிறீர்கள். 1856இல் அந்தப் பதக்கம் உண்டானபோது இறந்தவர்களுக்குக் கொடுக்கும் வழக்கமே இல்லை. உயிரோடிருந்தால் பரிந்துரைத்திருப்போம் என்று அரசிதழில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். 1902இல் சிலருக்குக் கொடுத்தார்கள், 1907இல் அந்த வழக்கமே மாறியது. அதற்கு முன் தப்பி வந்தவனுக்குப் பதக்கம், அவன் பக்கத்தில் நின்று விழுந்தவனின் தாய்க்கு ஒரு வரி. இதையா நியாயம் என்கிறீர்கள்? விழுந்தவனுக்குக் கல் நட்டு, அதில் பெயரும் பீடும் எழுதி, மயிற்பீலி சூட்டியவர்கள் எங்கள் ஆட்கள். பதக்கத்தைக் காட்டி அரசுகள் அடுத்த வீட்டுப் பிள்ளையைப் போருக்கு அழைக்கின்றன என்று நீங்கள் எழுதியிருந்தால், உங்களோடு சேர்ந்து நானும் சத்தம் போட்டிருப்பேன்.

வெள்ளைக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் கொழும்பில் பிறந்து, முகத்துவாரத்தில் அப்போது இருந்த புனித தோமையர் கல்லூரியில் படித்தவர். பிறகு இங்கேயே றப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவர் இறந்த 1918இலேயே அந்தக் கல்லூரியும் கல்கிசைக்குப் போய்விட்டது.

அவருடைய உடல் கிடைக்கவில்லை. பிரான்சின் அராஸ் நகரில், கல்லறை இல்லாத கிட்டத்தட்ட 35,000 பேரின் பெயர்களைப் பொறித்த சுவர்களில் அவருடைய பெயரும் ஒன்று. போய் நின்று அழ ஒரு பிடி மண் இல்லாத குடும்பங்கள் எங்களுக்குள்ளும் நிறைய, ஐயா. அந்தப் பதக்கத்தை ஒரு துண்டு வெண்கலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.