மேக்ஸ்வெல்லை இரண்டு வரியில் எழுதுவது எதற்காக?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மின்காந்தப் புலம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் சென்னையில் பொறியியல் படித்து, ஆன்டெனா வடிவமைப்பில் வேலை செய்கிறவன். மின்புலமும் காந்தப்புலமும் எப்படி நடக்கும் என்று சொல்லும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளை டைவர்ஜென்ஸ் (புலம் ஒரு புள்ளியிலிருந்து வெளிப்படும் அளவு), கர்ல் (அது சுழலும் அளவு) வழியாகவே கற்றேன். வேலைக்கு அது போதுமானதாகவே இருக்கிறது. அவற்றையே வகையீட்டு வடிவங்களால் (கோடு, பரப்பு, கன அளவு ஆகியவற்றின்மேல் தொகையிடக்கூடிய கணித உருக்கள்) இரண்டு வரியாக எழுதுவதில் புதிதாக என்ன தெரிகிறது? எழுதும் முறைதானே மாறுகிறது?

வாசகர், வேளச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

சுருக்கம் ஒன்றே பயன் என்றால் உங்கள் ஐயம் நியாயமானது. மேக்ஸ்வெல் 1865-இல் 20 சமன்பாடுகளாக எழுதியதை ஹெவிசைடு நான்காக்கினார். நான்கை இரண்டாக்குவது அதைவிடப் பெரிய காரியமல்ல. ஆனால் அந்த இரண்டு வரிகளும் தன்மையில் வேறானவை என்பது இந்த மொழியில்தான் பளிச்சென்று தெரிகிறது.

மின்புலத்தின் 3 கூறுகளும் காந்தப்புலத்தின் 3 கூறுகளும் சேர்ந்து 'எஃப்' என்ற ஒரே வடிவமாகின்றன. எஃப்பின் புற வகையீடு (டைவர்ஜென்ஸ், கர்ல் இரண்டையும் தன்னுள் அடக்கும் வகையீடு) சுழி என்பது முதல் வரி. அதில் மூன்று இடத்திசைகளை எடுத்துக்கொண்டால் காந்தப்புலத்தின் டைவர்ஜென்ஸ் சுழி என்று கிடைக்கும்; காலத்தையும் இரண்டு இடத்திசைகளையும் எடுத்துக்கொண்டால், மாறும் காந்தப்புலம் மின்புலத்தை உண்டாக்கும் என்ற ஃபாரடே விதியின் ஒரு கூறு கிடைக்கும். இந்த வரிக்குத் தொலைவோ கோணமோ தேவையில்லை. இரண்டாம் வரியில், மின்னூட்டம், மின்னோட்டம் ஆகிய மூலங்களோடு புலத்தை இணைக்கும்போது, தொலைவையும் கோணத்தையும் கொண்டு ஒரு வடிவத்தை அதன் இணை வடிவமாக மாற்றும் ஹாட்ஜ் ஸ்டார் என்ற செயலி வருகிறது. தொலைவு, வெளியின் வளைவு, ஊடகத்தின் மின் விடுதிறன், காந்த உட்புகுதிறன் எல்லாம் அதன் வழியாகவே கோட்பாட்டுக்குள் நுழைகின்றன.

இது உங்கள் தொழிலையே நேரடியாகத் தொடும் விஷயம். வெளியைச் சிறு துண்டுகளாலான வலையாகப் பிரிக்கும் வரையறு உறுப்பு முறையில் கணிக்கும் மென்பொருள்கள் பலவற்றில் மின்புலத்தின் மதிப்புகளை வலையின் முனைகளில் வைக்காமல் விளிம்புகளிலும், காந்தப் பாயத்தை முகங்களிலும் வைக்கிறார்கள். அப்படி வைத்தால் வலை எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் முதல் வரி துல்லியமாக நிற்கிறது. தோராயப் பிழை ஸ்டாரில் மட்டுமே சேர்கிறது.

மின்னூட்ட அழிவின்மையும் தனி விதியாக நிற்பதில்லை. புற வகையீட்டை இருமுறை செய்தால் சுழிதான் வரும், ஏனெனில் பகுதி வகையீடுகளின் வரிசையை மாற்றினால் மதிப்பு மாறாது, ஆனால் வடிவத்தில் திசைகளின் வரிசையை மாற்றினால் குறி மாறும்; அதனால் இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. இரண்டாம் வரியை இன்னொரு முறை வகையிட்டாலே அந்த விதி வந்துவிடுகிறது.

1954-இல் இயற்பியலாளர்கள் யாங்கும் மில்ஸும், புற வகையிட்டால் எஃப்பைத் தரும் மின்காந்த அழுத்தத்தின் இடத்தில் அணிகளை வைத்தார்கள். அணிகளைப் பெருக்கும் வரிசை முக்கியம் என்பதால் புலத்தில் ஒரு கூடுதல் உறுப்பு தோன்றியது; பெருக்கும் வரிசை மாறுவதால் வரும் வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கும் லீ இயற்கணிதம் இங்கேதான் புகுகிறது. நம் ஊர் லயோலா கல்லூரியில் படித்த கணிதவியலாளர்கள் எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும், ரீமான் பரப்பின்மேல் (கலப்பெண்களால் அளக்கப்படும் பரப்பு) அமையும் நிலையான வெக்டர் கற்றைகள் (ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர் வெளி) பற்றி 1965-இல் வெளியிட்ட தேற்றத்துக்கு, 1983-இல் டொனால்ட்சன் இதே யாங்–மில்ஸ் புலங்களின் வழியாகப் புதிய நிறுவல் தந்தார். தூய இயற்கணித வடிவியலில் எழுந்த ஒரு கூற்றுக்குப் புலக் கோட்பாடு நிறுவல் தர முடிந்தது, அழுத்தத்தை இணைப்பாகவும் (ஒரு புள்ளியின் வெக்டரை அடுத்த புள்ளிக்குக் கொண்டுசெல்லும் விதி), புலத்தை அதன் வளைவாகவும் எழுதக் கற்றிருந்ததால்தான்.