ஒரே ஒரு நண்பன் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் கூட்டமாகத் திரிகிறார்கள். இவனுக்கு இருப்பது ஒரே ஒரு நண்பன்தான். நாலு பேரோடு பழகு என்றால் எரிந்து விழுகிறான். கவலைப்பட வேண்டுமா?

பதில்: எண்ணிக்கையைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 169 பேரை 15 வயதிலிருந்து 25 வயதுவரை கவனித்து, 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பதின்பருவத்தில் நெருக்கமான நட்பு வாய்த்தவர்களிடம், வளர்ந்தபின் பதற்றமும் மனச்சோர்வும் குறைவாக இருந்தன. பலருக்கும் பிடித்தவர்களாக வலம் வந்தவர்களிடமோ, பிற்காலத்தில் நாலு பேர் நடுவே போகும்போது வரும் பதற்றம் கூடுதலாகத் தெரிந்தது.

ஆகவே, அந்த நட்பு எப்படிப்பட்டது என்று பாருங்கள். எந்த விளையாட்டு, எங்கே போவது என்பதையெல்லாம் எப்போதும் அந்தப் பையனே முடிவு செய்கிறானா? உங்கள் மகனால் அவனிடம் "வேண்டாம்டா" என்று சொல்ல முடிகிறதா? சண்டை வந்தால் யார் முதலில் பேசுகிறார்கள்? இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரு அசட்டு ஜோக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பி ராசியாகிவிட்டால் நல்லது. விட்டுக்கொடுப்பதும் மன்னிப்புக் கேட்பதும் அங்கேதான் பழகுகிறது. நடுவில் புகுந்து அந்தப் பையனின் அம்மாவுக்குப் போன் போடாதீர்கள், தயவுசெய்து.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருவரும் தினமும் ஒரே மனக்குறையைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தால் நெருக்கம் கூடும், கூடவே வாட்டமும் கூடும். அதற்காகப் பேசாதே என்று தடுக்க முடியாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய்விட்டு வரச் சொல்லலாம். சேர்ந்து ஏதாவது செய்யும்போது பேச்சு தானாகத் திசைமாறும்.

ஒரே நண்பன் என்பதில் நிஜமான சிக்கல், அவன் வேறு ஊருக்கோ வேறு பள்ளிக்கோ போய்விட்டால் வரும் வெறுமைதான். "நண்பர்களைச் சேர்த்துக்கொள்" என்ற அறிவுரை அதற்கு உதவாது. வாராவாரம் அதே முகங்களைப் பார்க்கும் இடம் ஒன்று வேண்டும்: மைதானம், இசை வகுப்பு, எதுவானாலும் சரி. பிடித்ததை அவனே தேர்ந்தெடுக்கட்டும். பழக்கம் மெதுவாகத்தான் வரும்.

அந்த ஒரு நண்பனிடமிருந்தும் ஒதுங்கி, தூக்கமும் சாப்பாடும் குறைந்து, பள்ளிக்குப் போகவே மறுக்கிறான், அதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். இப்போதைக்கு அந்தப் பையனை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வந்தால், பலகாரத் தட்டைச் சாக்காக வைத்து அறைக்குள் அடிக்கடி எட்டிப் பார்க்காதீர்கள்.