கிழமை பார்த்துப் புறப்படுங்கள்: சூரிக் பயணக் கேள்வி-பதில்

கோடை விடுமுறை நெருங்குவதால் இம்முறை சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரைப் பற்றிய கடிதங்களே மிகுதி. பயணத் தேதியைக் குறிப்பிடாமல் எழுதியவர்களுக்குப் பொதுவான பதிலையே தர முடிகிறது.

கேள்வி: சனிக்கிழமை இரவு சூரிக்கில் இறங்குகிறோம். ஞாயிறு முழுவதும் கடைவீதி, திங்கள் முழுவதும் அருங்காட்சியகங்கள் என்று திட்டமிட்டிருக்கிறோம். சரிதானா? (மதுரை வாசகர்)

பதில்: அப்படியே தலைகீழாக மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை நகரத்துக் கடைகள் மூடியிருக்கும். மத்திய ரயில் நிலையத்தின் அடித்தளக் கடைகளும் விமான நிலையக் கடைகளும், டிசம்பரில் ஓரிரு ஞாயிறுகளும் இதற்கு விலக்கு. திங்கட்கிழமையோ குன்ஸ்ட்ஹவுஸ் கலைக்கூடம், ரீட்பெர்க் அருங்காட்சியகம், தேசிய அருங்காட்சியகம் ஆகிய மூன்றுக்குமே விடுமுறை. ஏப்ரலில் செல்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பனிமனிதப் பொம்மையைக் கொளுத்திக் குளிர்காலத்தை வழியனுப்பும் செக்ஸெலொய்ட்டன் திருவிழா வரும் திங்களன்று பிற்பகலிலேயே கடைகளை அடைத்துவிடுவார்கள். ராகு காலம், எமகண்டம் பார்த்து வீட்டை விட்டுப் புறப்படுகிற நாம், போய்ச் சேரும் ஊரில் அன்று என்ன கிழமை என்பதை மட்டும் பார்ப்பதில்லை.

கேள்வி: கையில் 500 யூரோ வைத்திருக்கிறேன். மூன்று நாட்களுக்குப் போதுமா? (திருச்சி வாசகர்)

பதில்: சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, அங்கே புழங்குவது பிராங்க். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா செல்லும் என்பதால் யூரோவும் செல்லும் என்று நினைத்துவிட்டீர்கள் போலும். சில கடைகள் யூரோவை வாங்கிக்கொண்டாலும் அவர்கள் வைக்கும் மாற்று விகிதம் உங்களுக்குச் சாதகமாக இராது. அட்டையில் செலுத்தும்போது "ரூபாயிலா, பிராங்கிலா" என்று இயந்திரம் கேட்டால் பிராங்கையே தேர்ந்தெடுங்கள். இதை நான் எத்தனை முறை எழுதினாலும் ரூபாயை அழுத்திவிட்டு வருந்துபவர்கள் குறையவில்லை. தங்குமிடத்தையும் கணக்கில் சேர்த்தால் உங்கள் தொகை போதாது.

கேள்வி: எங்கள் சுற்றுலாத் திட்டத்தில் சூரிக்குக்கு அரை நாள்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். "அங்கே வங்கிகளைத் தவிர என்ன இருக்கிறது" என்கிறார் ஏற்பாட்டாளர். உண்மையா? (கோவை வாசகி)

பதில்: பனிமலைக்குப் போகும் வழியில் பேருந்தை ஏரிக்கரையில் நிறுத்தி, இருபது நிமிடம் படம் எடுக்கவிட்டு, "சூரிக் முடிந்தது" என்று அறிவிக்கும் இந்த வழக்கத்தைப் பற்றி நான் எழுதுவது முதல் முறையன்று; கடைசி முறையாக இருக்கும் என்றும் தோன்றவில்லை. லிம்மாட் ஆற்றின் மேற்கரையில் உள்ள ஃப்ராவ்முன்ஸ்டர் தேவாலயத்தில், எண்பது வயதைக் கடந்த ஓவியர் மார்க் ஷகால் வடிவமைத்து 1970இல் பொருத்தப்பட்ட ஐந்து வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் இருக்கின்றன. பாலத்தைக் கடந்தால் எதிர்க்கரையில், சமயப் போதகர் ஸ்விங்ளி 1519இல் பிரசங்கிக்கத் தொடங்கிச் சுவிஸ் சமயச் சீர்திருத்தத்திற்கு வித்திட்ட கிரோஸ்முன்ஸ்டர் தேவாலயம் நிற்கிறது. அதற்கு அருகே ஏறிச் செல்லும் ஷ்பீகல்காஸ என்ற சிறிய சந்தின் முதல் எண் கட்டடத்தில்தான் 1916 பிப்ரவரியில் காபரே வோல்டேர் என்ற கேளிக்கை விடுதி திறக்கப்பட்டு, மரபுக் கலையை எள்ளி நகையாடிய 'தாதா' கலை இயக்கம் பிறந்தது. அதே சந்தின் 14ஆம் எண் வீட்டில் அதே ஆண்டு லெனின் குடியிருந்தார். உலகப் போருக்கு நடுவே கலையைக் கவிழ்க்க நினைத்தவர்களும் அரசைக் கவிழ்க்க நினைத்தவரும் கூப்பிடு தூரத்தில் வாழ்ந்த சந்து அது. சுற்றுலாப் பேருந்து அதற்குள் நுழைய முடியாது என்பதாலேயே நம்மவர்கள் அதைப் பார்ப்பதில்லை.

இன்னும் ஒன்று. வில்லா வெசண்டாங்க் என்ற மாளிகையில் 1952இல் தொடங்கப்பட்ட ரீட்பெர்க் அருங்காட்சியகத்தில், தமிழகத்தில் வார்க்கப்பட்ட சோழர் கால நடராசர் செப்புத் திருமேனி இருக்கிறது. மத்திய நிலையத்திலிருந்து 7ஆம் எண் டிராமில் கால் மணி நேரம் போனால் போதும். அவ்வளவு தொலைவு பறந்து சென்று, அவரைக் காணாமல் திரும்பிவருவதற்கு ஏற்பாட்டாளரிடம் பணமும் கட்டுகிறோம். குறைந்தது இரண்டு முழு நாட்கள் கேளுங்கள். அவற்றுள் ஒன்று திங்களாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ராவ்முன்ஸ்டருக்குள் படம் எடுக்கக் கூடாது என்பதையும் உடன் வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கேள்வி: பான்ஹோஃப்ஷ்ட்ராஸ கடைவீதியில் கைக்கடிகாரம் வாங்கினால் வரி திரும்பக் கிடைக்குமா? (சேலம் வாசகர்)

பதில்: கிடைக்கும். மதிப்புக் கூட்டு வரி 8.1 சதவீதம், சேவைக் கட்டணம் கழித்து ஆறேழு சதவீதம் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கடையில் 300 பிராங்குக்கு மேல் வாங்கி, கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் பெற்று, நாட்டை விட்டு வெளியேறுமுன் சுவிஸ் சுங்கத்தில் முத்திரை பெற வேண்டும். பெரிய பெட்டிக்குள் பொருளை வைப்பதாக இருந்தால் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே சுங்கத்திடம் காட்டுங்கள். ரயிலில் பாரிசுக்குப் போய் அங்கிருந்து ஊர் திரும்புகிறவர்கள், முத்திரையைப் பாரிசில் பெறலாம் என்று நம்பி ஏமாறுகிறார்கள். சுவிட்சர்லாந்து தனிச் சுங்க எல்லை என்பதால் அங்கே பெற இயலாது. இந்தியாவில் இறங்கியதும் சுங்கத்தில் அறிவிக்க வேண்டிய கடமை வேறு இருக்கிறது. ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் நீளும் அந்த வீதியில் வேடிக்கை பார்க்கச் செலவில்லை. வாங்கும் எண்ணம் குறைவாக உள்ளவர்கள், பழைய ரயில் மேம்பாலத்தின் வளைவுகளுக்குள் கடைகள் அமைந்திருக்கும் இம் வியாடுக்ட் பகுதிக்குப் போகலாம். அங்கும் ஞாயிறன்று கடைகள் திறந்திருக்காது.

கேள்வி: நாங்கள் தோழியர் இருவர். இரவு வாழ்க்கையைப் பார்க்க விரும்புகிறோம். எங்கே போகலாம், பாதுகாப்பாக இருக்குமா? (சென்னை வாசகியர்)

பதில்: மாலை ஏரிக்கரையில் தொடங்கி, இரவு நான்காம், ஐந்தாம் வட்டாரங்களில் முடிக்கலாம். லிம்மாட் ஆற்றில் மிதக்கும் ஃப்ராவென்பாடி, 1888 முதல் பகலில் பெண்கள் மட்டும் நீராடும் துறை. கோடை மாலைகளில் அதுவே எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு அமரும் மதுக்கூடமாகிறது. அங்குள்ள லாங்ஷ்ட்ராஸ என்ற தெரு ஒரு காலத்தில் சிவப்பு விளக்குப் பகுதி. அதன் எச்சம் இன்னும் இருந்தாலும் வார இறுதியில் இளைஞர் கூட்டம் அலைமோதுகிறது. நடன விடுதிகள் இரவு 11 மணிக்கு மேல்தான் களைகட்டும். நுழைவுக்கு 20 முதல் 30 பிராங்க் ஆகும். வயதுச் சான்று கேட்பார்கள். பெண்கள் தயங்காமல் போகக்கூடிய நகரம்தான் என்றாலும் கைப்பையையும் கோப்பையையும் கண்பார்வையிலேயே வைத்திருங்கள். வெள்ளி, சனி இரவுகளில் இரவு ரயில்கள் உண்டு. மற்ற நாட்களில் கடைசி டிராமைத் தவறவிட்டால் வாடகைக் கார்க் கட்டணம் போதையைத் தெளிவித்துவிடும்.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: 1898 முதல் நடந்துவரும் ஹில்ட்ல் உணவகம், உலகின் மிகப் பழைய சைவ உணவகம் என்று கின்னஸ் பதிவு பெற்றது. நீங்களே பரிமாறிக்கொண்டால் தட்டை எடை போட்டுத்தான் விலை சொல்வார்கள்; கல்யாணப் பந்தி போல் குவிக்காதீர்கள்.

கேள்வி: குடிநீர்ப் புட்டி என்ன விலை? (ஈரோடு வாசகர்)

பதில்: வாங்காதீர்கள், தெருவெங்கும் 1,200க்கும் மேற்பட்ட நீரூற்றுகள் இருக்கின்றன, பெரும்பாலும் எல்லாமே குடிநீர்.

கேள்வி: டிராமில் யாரும் பயணச்சீட்டைப் பார்ப்பதில்லை என்கிறார் நண்பர். எடுத்துத்தான் ஆக வேண்டுமா? (நெல்லை வாசகர்)

பதில்: பரிசோதகர்கள் சாதாரண உடையில் ஏறுவதால் நண்பர் கண்ணில் படவில்லை. பிடிபட்டால் 100 பிராங்க் அளவுக்குத் தண்டம். வெளிநாட்டவர், தெரியாது என்பதெல்லாம் எடுபடாது. விமான நிலையமும் பக்கத்து ஊரான கில்ஷ்பெர்க்கின் சாக்லேட் கூடமும் நகர மண்டலத்துக்கு வெளியே இருப்பதால், நகரச் சீட்டோடு அங்கே போனாலும் தண்டம்தான். இரண்டுக்கும் செல்லும் சூரிக் கார்டு என்ற பயணிகள் அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். அருங்காட்சியகங்களிலும் அதற்குச் சலுகை உண்டு, திங்கள் நீங்கலாக.